கேத்தோடு குழிந்தபோது கோடு கூர்மையானது: ஹாலோ கேத்தோடு விளக்கு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கரைசலில் கால்சியம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று அணு உட்கவர் கருவியில் (சுடரில் இருக்கும் அணுக்கள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று பார்க்கும் கருவி) அளக்கும்போது எல்லோருடைய கவனமும் சுடர்மேல்தான் இருக்கும். பர்னரின் உயரம், அசிட்டிலீன் அளவு, ஸ்லிட்டின் அகலம் என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்போம். ஒளி தரும் விளக்கையோ பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுவோம், அதன்மேல் எழுதியிருக்கும் மின்னோட்டத்தை வைப்போம், அதோடு சரி. இந்த ஆய்வு அந்த விளக்குக்குள் இருக்கும் ஒரு சிறு உலோகக் கிண்ணத்தைப் பற்றியது. அந்தக் கிண்ணம்தான் விளக்கின் எதிர்மின்முனை, அதாவது கேத்தோடு. அதன் வடிவம்தான் வெளியே வரும் ஒளிக்கோட்டின், அதாவது அந்தத் தனிமம் உமிழும் குறுகிய அலைநீளப் பட்டையின், அகலத்தைத் தீர்மானிக்கிறது. கோட்டின் அகலம் அளவுக்கோட்டின் (செறிவு கூடும்போது உட்கவர் அளவு எப்படிக் கூடுகிறது என்று காட்டும் வரைகோட்டின்) சரிவைத் தீர்மானிக்கிறது. ஆக, நாம் அறிக்கையில் எழுதும் எண்ணின் நம்பகத்துக்கு அந்தக் கிண்ணமும் பொறுப்பு.

பிரச்சினை எங்கே தொடங்கியது

1952 மார்ச். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் வால்ஷுக்கு ஒரு யோசனை வந்தது. அணுக்கள் உமிழும் ஒளியை அளந்துகொண்டிருக்கிறோமே, அவை விழுங்கும் ஒளியை அளந்தால் என்ன? சோடியம் ஆவி விளக்கின் ஒளியை ஒரு சுடர் வழியே அனுப்பி, சுடரில் சோடியம் உப்பைத் தெளித்துப் பார்த்தார்கள். ஒளி குறைந்தது. வழி சரி என்று தெரிந்துவிட்டது. 1953-இல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1955-இல் ஆய்வுக் கட்டுரை. அதே 1955-இல் நெதர்லாந்தில் ஆல்கமாடேயும் மிலாட்ஸும் தனியாக இதே முடிவுக்கு வந்து வெளியிட்டார்கள்.

யோசனை எளிமையானதுதான். ஆனால் அதைச் செயல்படுத்தும் இடத்தில் ஒரு பெரிய தடை நின்றது. சுடரில் இருக்கும் அணுக்கள் மிக மிகக் குறுகலான அலைநீளப் பட்டையை மட்டுமே விழுங்கும். எவ்வளவு குறுகல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெப்பத்தால் அணுக்கள் அங்குமிங்கும் ஓடுவதால் வரும் டாப்ளர் அகலம், அலைநீளத்துக்கு நேர்விகிதத்திலும், வெப்பநிலையை அணுநிறையால் வகுத்ததன் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். கால்சியத்தின் 422.7 நானோமீட்டர் கோட்டை எடுத்துக்கொள்வோம். காற்று-அசிட்டிலீன் சுடரை 2,500 கெல்வின் என்று கொண்டால் அகலம் சுமார் 0.0024 நானோமீட்டர் வருகிறது. சுடர் முழு வளிமண்டல அழுத்தத்தில் எரிவதால், வாயு மூலக்கூறுகள் மோதி அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக்கும். எல்லாம் சேர்த்து 0.005 நானோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

இப்போது டங்ஸ்டன் பல்பு போல எல்லா அலைநீளத்தையும் தரும் ஒரு விளக்கைப் பின்னால் வைத்து, 0.2 நானோமீட்டர் பட்டையை வெட்டியெடுக்கும் ஒரு மோனோகுரோமேட்டர் வழியே பார்த்தால் என்ன ஆகும்? அந்தப் பட்டையில் நாற்பதில் ஒரு பங்கை மட்டும்தான் கால்சியம் அணுக்களால் தொட முடியும். அதை முழுவதுமாக விழுங்கினாலும் மீதி முப்பத்தொன்பது பங்கு ஒளி எந்தத் தடையும் இல்லாமல் டிடெக்டரில் போய் விழும். கரைசலில் கால்சியம் இருப்பதும் இல்லாததும் முள்ளில் தெரியாது.

இதற்கு வால்ஷ் கண்ட தீர்வு, பட்டையை வெட்டும் வேலையைக் கருவியிடமிருந்து எடுத்து விளக்கிடமே கொடுப்பது. விளக்கே அந்தத் தனிமத்தின் கோட்டை, சுடரின் உட்கவர் கோட்டைவிடக் குறுகலாக உமிழ்ந்துவிட்டால் போதும். மோனோகுரோமேட்டர் பக்கத்துக் கோடுகளை ஒதுக்கினால் வேலை முடிந்தது. அப்படியொரு விளக்கு வேண்டும். அதுவும் சோடியத்துக்கு மட்டும் போதாது, இரும்புக்கும் நிக்கலுக்கும் தாமிரத்துக்கும் வேண்டும்.

கைவசம் இருந்தவை ஏன் உதவவில்லை

வால்ஷ் பிரிட்டனில் இருந்த காலத்தில் உலோகப் பகுப்பாய்வில் ஆர்க் (மின்வில்), ஸ்பார்க் (மின்பொறி) ஒளிமூலங்களோடு பழகியவர். அந்த ஒளிமூலங்களில் மின்முனையின் வடிவம் படுத்தும் பாடு பெரிது. கிராஃபைட் தண்டின் நுனியில் குழி தோண்டி, பொடித்த மாதிரியை அதில் நிரப்பி, நேர்த்திசை மின்னோட்ட ஆர்க்கில் எரிப்பார்கள். குழியின் சுவர் மெல்லியதா தடித்ததா, ஆழம் எவ்வளவு, குழிக்குக் கீழே தண்டைக் கடைந்து கழுத்துப்போல ஒடுக்கியிருக்கிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்து மாதிரியின் வெப்பநிலை மாறும். கழுத்தை ஒடுக்கினால் வெப்பம் தண்டு வழியே கீழிறங்காமல் குழியிலேயே தங்கும். துத்தநாகம், காட்மியம், ஈயம் போன்றவை முதலில் ஆவியாகிப் போய்விடும். டைட்டானியம், சிர்கோனியம் கடைசியில்தான் வரும். மேல் மின்முனை தட்டையாக இருந்தால் ஆர்க் ஒரே இடத்தில் நிற்காமல் அலையும். கூம்பாகச் சீவினால் ஓரளவு நிலைக்கும், ஆனால் எரிய எரிய அந்தக் கூம்பும் மழுங்கும். 1954-இல் ஸ்டால்வுட் மின்முனையைச் சுற்றி வளையமாக வாயுவைப் பாய்ச்சும் அமைப்பைக் கொண்டுவந்ததும் இந்த அலைச்சலை அடக்கத்தான்.

இப்படிப் பக்குவப்படுத்திய ஆர்க்கும் வால்ஷின் வேலைக்கு ஆகாது. ஆர்க்கின் நடுப்பகுதி பல ஆயிரம் கெல்வின். எலக்ட்ரான்களும் அயனிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன, அவற்றின் மின்புலமே கோட்டை அகலமாக்கும். அதைவிட மோசமாக, சூடான நடுப்பகுதியைச் சுற்றிக் குளிர்ந்த ஆவியின் போர்வை ஒன்று இருக்கும். உள்ளே பிறந்த ஒளியின் நடுப்பகுதியை அந்தப் போர்வையே விழுங்கிவிடும். நமக்கு எந்த அலைநீளம் வேண்டுமோ சரியாக அதுவே குறைந்து போகும். சோடியம், காட்மியம் போன்ற எளிதில் ஆவியாகும் உலோகங்களுக்குக் கிடைத்த ஆவி விளக்குகளிலும், முழு மின்னோட்டத்தில் ஓட்டினால் இதே தொல்லைதான். இரும்புக்கும் நிக்கலுக்கும் அப்படிப்பட்ட ஆவி விளக்கே சாத்தியமில்லை.

பாஷனின் குழி

விடை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு துறையில் இருந்தது. 1916-இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் பாஷன், அயனியான ஹீலியத்தின் கோடுகளின் நுண்ணமைப்பை அளந்தபோது உள்ளீடற்ற கேத்தோடை, அதாவது ஹாலோ கேத்தோடைப் பயன்படுத்தினார். நீல்ஸ் போரின் அணுக் கொள்கையைச் சோதிக்க அவருக்குத் தேவைப்பட்டதும் மிகக் கூர்மையான கோடுகள்தான். பின்னர் ஹெர்மன் ஷூலர் அப்படிப்பட்ட கேத்தோடைத் திரவக் காற்றால் குளிரவைத்துக் கோடுகளை மேலும் ஒடுக்கி, அணுக்கரு காரணமாக வரும் மிக நுண்ணிய பிளவுகளை ஆராய்ந்தார். இயற்பியலாளர்கள் அணுவை அறியச் செய்துவைத்த கருவி, வேதிப் பகுப்பாய்வுக்கு அப்படியே பொருந்தியது.

குழிவு என்ன செய்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், இந்த ஆய்வின் மையமே இதுதான்.

குறைந்த அழுத்தத்தில் நியான் நிரப்பிய குழாயில் ஒரு தட்டையான கேத்தோடை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், கேத்தோடை ஒட்டி ஒரு இருண்ட பட்டையும் அதற்கு அப்பால் ஒளிரும் பட்டையும் தெரியும். கொடுத்த மின்னழுத்தத்தில் பெரும்பகுதி அந்த இருண்ட பட்டையிலேயே விழுந்துவிடுகிறது. நியான் அயனிகள் அதில் வேகம் பிடித்துக் கேத்தோடில் மோதி, எலக்ட்ரான்களையும் உலோக அணுக்களையும் பெயர்க்கின்றன. பெயர்ந்த எலக்ட்ரான் எதிர்த்திசையில் வேகம் பிடித்து ஒளிரும் பட்டைக்குள் நுழைகிறது. சில மோதல்கள் நடக்கும். மீதி ஆற்றலோடு அது ஆனோடையோ (நேர்மின்முனை) குழாய்ச் சுவரையோ அடைந்து வீணாகிவிடும். பெயர்ந்த உலோக அணுக்களும் விளக்கு முழுக்கப் பரவிக் கண்ணாடியில் படிந்துவிடும்.

இப்போது அந்தத் தகட்டுக்கு எதிரே இன்னொரு கேத்தோடுத் தகட்டை வைத்து மெல்ல நெருக்குங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு ஒளிரும் பட்டைகளும் ஒன்றாகக் கலக்கும். ஒரு சுவரிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் இப்போது எதிர்ச்சுவரை நெருங்கும்போது அங்கேயும் எதிர்மின்புலம் இருப்பதால் திருப்பி விரட்டப்படுகிறது. இரு சுவர்களுக்கும் இடையே ஊசல்போல ஆடி, தன் ஆற்றல் தீரும்வரை வாயு அணுக்களை அயனியாக்கிக்கொண்டே இருக்கிறது. பிறந்த அயனிகள் எந்தப் பக்கம் போனாலும் அங்கே கேத்தோடுதான். அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் பல மடங்கு உயரும். இரு தகடுகளையும் வளைத்து இணைத்தால் உருளை, ஒரு முனையை அடைத்தால் கிண்ணம்.

உலோக அணுக்களின் கதையும் மாறுகிறது. ஒரு சுவரிலிருந்து பெயர்ந்த அணு, எதிர்ச்சுவரில் போய்ப் படிந்து, மறுபடியும் பெயர்க்கப்படுகிறது. ஒரே அணு பலமுறை ஒளி தருகிறது. உலோகத்தை உருக்கி ஆவியாக்க வேண்டிய தேவையே இல்லாததால், எளிதில் ஆவியாகாத இரும்பு, நிக்கல், மாலிப்டினம் போன்றவையும் சில மில்லியாம்பியரில் ஒளிர்கின்றன. ஒளிரும் பகுதியில் மின்புலம் மிகக் குறைவு, அழுத்தம் சில டார்தான், வளிமண்டலமோ 760 டார். வாயு அதிகம் சூடாவதும் இல்லை. 450 கெல்வின் என்று வைத்து அதே கால்சியம் கோட்டைக் கணக்கிட்டால் அகலம் 0.0010 நானோமீட்டர். சுடரின் கோடு 0.0024, அதுவும் மோதல் அகலத்தைச் சேர்க்காமலே. விளக்கின் கோடு சுடரின் கோட்டுக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. வால்ஷ் கேட்டது இதைத்தான்.

இதற்குக் கிண்ணத்தின் விட்டமும் வாயுவின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அழுத்தம் கூடினால் இருண்ட பட்டை மெலிந்து, ஒளி சுவரை ஒட்டி ஒரு வளையமாக நிற்கும், நடுவில் ஊசலாட்டம் இருக்காது. அழுத்தம் குறைந்தால் இரண்டு சுவர்களின் இருண்ட பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கிண்ணத்துக்குள் மின்னிறக்கம் நிற்க இடமில்லாமல் வெளியே ஓடிவிடும். அகன்ற கிண்ணத்துக்குக் குறைந்த அழுத்தம், ஒடுங்கிய கிண்ணத்துக்குக் கூடிய அழுத்தம்.

மூடிய விளக்கும் அதன் வாயும்

பாஷன், ஷூலர் காலத்து அமைப்புகளில் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வாயு தொடர்ந்து தூய்மையாக வந்துகொண்டே இருக்க வேண்டும். பகுப்பாய்வு ஆய்வகத்தில் அது நடக்கிற காரியமில்லை. வால்ஷ் குழுவின் பெரிய உழைப்பு, இந்த விளக்கை ஒரு முறை நிரப்பி மூடிவிட்டால் மாதக்கணக்கில் ஓடும்படி செய்ததுதான் என்று நான் நினைக்கிறேன். ஜோன்ஸும் வால்ஷும் 1960-இல் அத்தகைய மூடிய குழாய்களின் கட்டுமானத்தை விரிவாக எழுதினார்கள்.

அங்கே வடிவம் மறுபடியும் குறுக்கிட்டது. கிண்ணத்துக்கு உள்பக்கம் இருப்பதுபோல வெளிப்பக்கமும் இருக்கிறது. மின்னிறக்கம் வெளிப்பக்கத்திலும் பற்றிக்கொண்டால் பயனில்லாத ஒளியும் நிலையின்மையும்தான் மிச்சம். அதனால் கிண்ணத்தைச் சுற்றி மைக்கா அல்லது கண்ணாடிக் காப்பு வைத்து, உள்குழியை மட்டும் திறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வாய். கிண்ணத்தின் நடுவில் இருக்கும் அணுக்கள் ஒளிர்கின்றன. வாய்க்கு வெளியே கசிந்து வந்த அணுக்கள் பெரும்பாலும் ஒளிராமல் குளிர்ந்து நிற்கின்றன. ஒளி ஜன்னலை அடைய அந்தக் குளிர்ந்த அணுக்கூட்டத்தைக் கடந்தாக வேண்டும். ஆர்க்கில் பார்த்த அதே போர்வை, சிறிய அளவில் இங்கேயும் வந்துவிடுகிறது. வாயை ஒடுக்கினால் அணுக்கள் வெளியேறுவது குறையும், மின்னிறக்கமும் உள்ளேயே அடங்கும். 1959-இல் ஏ. டி. வைட் கோளம் போன்ற குழியும் சிறிய திறப்பும் கொண்ட கேத்தோடை விவரித்தார். உருளைக் குழியில் அணுக்கள் பெயர்ந்து வேறிடத்தில் படிந்து படிந்து, குழி தானாகவே அந்த வடிவத்தை நோக்கி நகர்கிறது என்பது அவர் கவனித்த அழகான உண்மை.

ஆய்வகத்தில் தெரியும் தடயம்

இந்தப் போர்வையை யாரும் தங்கள் கருவியிலேயே பார்க்கலாம். காட்மியம் விளக்கை மாட்டி 228.8 நானோமீட்டரில் வையுங்கள். ஒரே ஸ்டாண்டர்டு கரைசல்களை (செறிவு முன்பே தெரிந்தவை) முதலில் குறைந்த மின்னோட்டத்தில், பிறகு விளக்கு தாங்கும் உச்சத்துக்கு அருகில் வைத்து அளந்து பாருங்கள். மின்னோட்டம் கூடும்போது ஒளி கூடும், இரைச்சல் குறையும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் உட்கவர் அளவு குறையும். அளவுக்கோடு நேராக ஏறாமல் மேல்பக்கத்தில் சீக்கிரமே வளையும். துத்தநாகத்தின் 213.9 நானோமீட்டர் கோட்டிலும் இப்படித்தான். காரணம், இவை எளிதில் ஆவியாகும் உலோகங்கள். மின்னோட்டம் ஏறும்போது கிண்ணத்தின் வாயில் அணுக்கூட்டம் அடர்ந்து, கோட்டின் நடுவை அரித்து, ஓரங்களை மட்டும் விட்டுவைக்கிறது. ஓரங்களில் வரும் ஒளியைச் சுடரில் இருக்கும் அணுக்களால் நன்றாக விழுங்க முடிவதில்லை. நிறையப் பேர் இந்த வளைவுக்குச் சுடரையோ கரைசலையோ காரணம் சொல்லி ஸ்டாண்டர்டுகளைத் திரும்பத் தயாரிக்கிறார்கள். விளக்கின் மின்னோட்டத்தைப் பாதியாக்கி ஒரு முறை அளந்துவிட்டு அப்புறம் அந்த முடிவுக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இதே குறையை 1983-இல் ஸ்மித்தும் ஹீஃப்யேயும் பயனாக மாற்றிக் காட்டினார்கள். விளக்கைச் சாதாரண மின்னோட்டத்தில் ஓட்டி ஒரு அளவு எடுப்பது, அடுத்த நொடித்துணுக்கில் நூற்றுக்கணக்கான மில்லியாம்பியர் துடிப்பைக் கொடுத்து வேண்டுமென்றே கோட்டின் நடுவை அரிக்கவிட்டு இன்னொரு அளவு எடுப்பது. முதல் அளவில் அணுவின் உட்கவர்வும் பின்னணியும் (அந்த அணு அல்லாத மற்றவற்றால் குறையும் ஒளி) சேர்ந்திருக்கும், இரண்டாவதில் பெரும்பாலும் பின்னணி மட்டும். கழித்தால் பின்னணி நீங்கிவிடும். நடு எளிதில் அரிபடாத தனிமங்களில் உணர்திறன் கொஞ்சம் இழக்கப்படும் என்பது இதன் விலை.

நீண்ட நாள் ஓடிய விளக்கை அணைத்துவிட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள். கேத்தோடுக்கு அருகே கண்ணாடியின் உட்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளக்கும் அல்லது கறுத்த படலம் ஒன்று தெரியும். அது கிண்ணத்திலிருந்து தப்பிய உலோகம். படியும் உலோகம் நியான் அணுக்களையும் தன்னோடு சேர்த்துப் புதைத்துக்கொள்வதால் உள்ளே அழுத்தம் மெல்லக் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் ஒளி குழியில் தங்காது என்று மேலே பார்த்தோம். வயதான விளக்கை எரியவிட்டால், கிண்ணத்துக்குள் அடங்கியிருக்க வேண்டிய ஆரஞ்சு நிற ஒளி சில நேரம் வாயைத் தாண்டி நடுங்குவதும், கேத்தோடின் பின்பக்கம் எட்டிப்பார்ப்பதும் தெரியும். விளக்கின் ஆயுளை 5,000 மில்லியாம்பியர்-மணி என்பதுபோல மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிச் சொல்வது இதனால்தான். இருமடங்கு மின்னோட்டத்தில் ஓட்டினால் ஆயுள் பாதியாகும்.

ஒரு கிண்ணத்தின் இரு வேலைகள்

இந்தக் கேத்தோடு ஒரே நேரத்தில் அணுக்களைப் பெயர்க்கவும் வேண்டும், அவற்றை ஒளிரவைக்கவும் வேண்டும். மின்னோட்டத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், போர்வையும் தடிக்கும். 1965-இல் சல்லிவனும் வால்ஷும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். கிண்ணம் அணுக்களைப் பெயர்ப்பதோடு நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, வாய்க்கு முன்னால் தனியாக ஒரு ஜோடி மின்முனைகளை வைத்து, குறைந்த மின்னழுத்தத்தில் வலுவான இன்னொரு மின்னிறக்கத்தை அந்த அணுக்கூட்டத்தின் குறுக்கே ஓடவிட்டார்கள். ஒளியை விழுங்கிக்கொண்டு நின்ற குளிர்ந்த அணுக்களே இப்போது ஒளிரத் தொடங்கின. கோடு அகலமாகாமலேயே பிரகாசம் பெருகியது. அந்த இரண்டாம் மின்னிறக்கத்தின் எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் குறைவு என்பதால் அயனிகளின் கோடுகளும் நிரப்பு வாயுவின் கோடுகளும் அந்த அளவுக்கு உயரவில்லை. நிக்கலின் 232.0 நானோமீட்டர் கோட்டுக்கு மிக அருகில் உட்கவராத வேறு கோடுகள் ஒட்டிக்கொண்டு அளவுக்கோட்டை வளைத்துவந்ததால், இந்த விளக்கு அங்கே நன்றாகக் கைகொடுத்தது.

1968: கிண்ணத்தைத் திரும்பத் தட்டையாக்கியவர்

கேத்தோடு குழிந்தே இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்று காட்டியவர் வெர்னர் கிரிம். திடமான உலோகத் துண்டை அப்படியே பகுப்பாய வேண்டுமென்றால் அதில் குழி தோண்டிக்கொண்டிருக்க முடியாது. கிரிம் 1968-இல் விவரித்த விளக்கில் மாதிரியின் தட்டையான முகமே கேத்தோடு. வேலையெல்லாம் ஆனோடின் வடிவத்தில் இருக்கிறது. குழாய் வடிவ ஆனோடு மாதிரியின் முகத்தை நோக்கி நீண்டு, சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் நின்றுவிடுகிறது. அவ்வளவு குறுகிய இடைவெளியில், சில டார் அழுத்தத்தில், எலக்ட்ரானுக்கு மோதி அயனியாக்கப் போதிய தூரம் கிடைப்பதில்லை. ஆகவே இடைவெளியில் மின்னிறக்கம் பற்றாது, குழாயின் வாய்க்கு நேராக இருக்கும் வட்டத்தில் மட்டும் பற்றும். அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிவரும் எண்தான் மின்முறிவைத் தீர்மானிக்கிறது என்ற விதியை 1889-இல் கண்டவரும் அதே பாஷன்தான். குழிந்த கேத்தோடுக்கும், தட்டையான கேத்தோடுக்கும் அவரே துணை நின்றிருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

மாதிரியின் முகம் மேலிருந்து அடுக்கடுக்காகப் பெயர்ந்து வருவதால், பூச்சு பூசிய தகடுகளில் எந்த ஆழத்தில் எந்தத் தனிமம் என்று அளக்க இந்த விளக்கு பயன்படுகிறது. துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்புத் தகட்டில், முதலில் துத்தநாகக் கோடு உயர்ந்து நின்று, பூச்சு தீரும் இடத்தில் இறங்க, இரும்புக் கோடு ஏறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். பள்ளத்தின் அடி தட்டையாக இருந்தால் அந்த மாற்றம் கூர்மையாக வரும். மின்னோட்டமும் அழுத்தமும் பொருந்தாமல் பள்ளம் கிண்ணம்போலக் குழிந்தாலோ, நடு மேடாகி ஓரம் ஆழமானாலோ, இரண்டு அடுக்குகளும் ஒரே நேரத்தில் பெயர்ந்து எல்லைக்கோடு மங்கிவிடும். அந்த விளக்கில் குழிவு வரவே கூடாது. அளவீடு முடிந்ததும் ஆனோடுக் குழாயின் உட்புறத்தை ஒரு ரீமர் (துளையைச் சுரண்டும் வெட்டுக்கருவி) சுழன்று சுரண்டிச் சுத்தம் செய்வதும் வடிவத்தைக் காப்பதற்காகத்தான். பெயர்ந்த உலோகம் குழாயின் வாயில் படிந்து அந்த இடைவெளியை அடைத்தால் ஆனோடும் மாதிரியும் தொட்டுக்கொண்டு குறுக்குச்சுற்று ஆகும், அடுத்த மாதிரிக்கு விளக்கு பற்றாது.